டோவர், 1216: வாசல் கோபுரம் விழுந்தது, கோட்டை விழவில்லை

1216-இல், இங்கிலாந்தின் தென்கிழக்கு முனையில் இருக்கும் டோவர் கோட்டையின் வடக்கு வாசலுக்கு அடியில் பிரெஞ்சுப் படையின் சுரங்கக்காரர்கள் குடைந்துகொண்டே வந்து, வாசலின் இருபுறமும் நின்ற இரண்டு கல் கோபுரங்களில் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். மதிலில் பிளவு விழுந்தது, படை உள்ளே பாய்ந்தது, அப்படியும் கோட்டை பிடிபடவில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு கோட்டைக்காரர்கள் செய்த காரியம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விழுந்த வாசலை இன்னும் பலமாகக் கட்டி மறுபடி திறக்காமல், அதை ஒரேயடியாக அடைத்துவிட்டு, கோட்டையின் வேறு பக்கத்தில் புது வாசல் எழுப்பினார்கள்.

இடைக்காலக் கோட்டை வாசல் என்றதும் பேச்சு அம்புத் துளை, மேலிருந்து இறங்கும் கதவு, கொதிக்கிற எண்ணெய் என்று உறுப்பு உறுப்பாகப் போய்விடுகிறது. அதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் டோவரில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால், ஒரு வாசல் கோபுரம் தாங்குமா தாங்காதா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அதன் எதிரே இருக்கிற தரைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. சுவரின் கனம், உயரம், வட்டமா சதுரமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகின்றன.

வாசல் என்கிற தொல்லை

மதில் கட்டுவதே ஆளை உள்ளே விடாமல் இருக்கத்தான். அதே மதிலில் வண்டியும் குதிரையும் போய்வர ஒரு திறப்பு விட்டாக வேண்டும். எதிரிக்கு அந்த இடம் தூரத்திலிருந்தே தெரியும், அங்கே கல்லுக்குப் பதிலாக மரக்கதவு இருக்கும், அந்த இடத்துக்குப் பாதையும் போட்டுக் கொடுத்திருப்போம். 11-ஆம் நூற்றாண்டில் இதற்குக் கண்ட வழி, ஒரு சதுரக் கோபுரத்தைக் கட்டி அதன் வயிற்றுக்குள் பாதையை நுழைப்பது. கதவை உடைக்கிறவன் தலைமேல் கல் போட முடியும், ஆனால் அவனைப் பக்கவாட்டிலிருந்து அடிக்க முடியாது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழக்கம் மாறியது. பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கோபுரம் வைத்து, இரண்டையும் மதிலுக்கு வெளியே துருத்தி நிற்கச் செய்து, கதவுக்கு முன்னால் வருகிறவன் இரண்டு பக்கத்து அம்பிலும் மாட்டும்படி ஆக்கினார்கள்.

டோவர் அந்த மாற்றத்தின் தொடக்கக் கட்டத்தைச் சேர்ந்த இடம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி 1180-களில், மாரிஸ் என்ற பொறியாளரை வைத்து, இங்கே மாபெரும் நடுக்கோபுரத்தையும் அதைச் சுற்றிய உள்மதிலையும் கட்டினார். நடுக்கோபுரத்தின் உயரம் சுமார் 25 மீட்டர், சுவரின் கனம் சில இடங்களில் 6 மீட்டரைத் தாண்டும். உள்மதிலில் 14 சதுரக் கோபுரங்கள் உண்டு, அதன் இரண்டு வாசல்களுக்கும் இருபுறமும் கோபுரம் உண்டு. இதற்கெல்லாம் ஆன செலவு 6,000 பவுனுக்கு (இங்கிலாந்துப் பணம்) மேல், அந்தக் காலத்தில் மலைக்க வைக்கிற தொகை. அவருடைய மகன் ஜான் வெளிமதிலை நீட்டிக் கட்டினார், குன்றின் வடக்கு நுனியில் வெளிவாசலை வைத்தார். முன்பக்கம் வளைந்த இரண்டு கோபுரங்கள், நடுவே பாதை, அதற்கு முன்னால் அகழி, அகழிக்கு அப்பால் மண் மேடும் மர வேலியுமாக ஒரு முன்காவல் வளைப்பு. அன்றைய அளவுகோலில் பார்த்தால் இது புத்தம்புது வடிவம். சதுர மூலை இல்லாததால் கல் எறி பொறியின் அடியைக் கூடுதலாகத் தாங்கும், கோபுரத்தின் முன்னால் அம்பு எட்டாத மறைவிடமும் குறையும். வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்பதையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இந்த மாதிரி வாசலில் கதவுக்கு மேலே ஒரு அறை இருக்கும். கனத்த மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அறைந்து, கீழ் நுனியில் இரும்பு பூட்டிய இறக்குக் கதவு அந்த அறையிலிருந்து கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கும். ஏற்றுவதற்கு உருளையைச் சுற்ற வேண்டும், நேரம் பிடிக்கும். இறக்குவதற்கு நொடிப்பொழுது போதும், விட்டுவிட்டால் தானே விழும். பாதையின் கூரையில் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே எண்ணெய் ஊற்றினார்கள் என்ற கதைதான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் எண்ணெய் விலை உயர்ந்த பொருள், முற்றுகையில் அதை அப்படி வீணாக்க மனசு வராது. கல், சுடுமணல், வெந்நீர் இவையே நடைமுறை. பச்சைத் தண்ணீரும் பெரிய ஆயுதம்தான், ஏனென்றால் மரக்கதவின் அடியில் விறகைக் குவித்துத் தீ வைப்பது எதிரியின் முதல் உத்திகளில் ஒன்று, அதை அணைக்க மேலிருந்து நேராகத் தண்ணீர் கொட்ட ஒரு துளை வேண்டும்.

இத்தனை ஏற்பாடும் கதவை நோக்கி வருகிறவனுக்காகச் செய்யப்பட்டவை. தரைக்கு அடியில் வருகிறவனை இவற்றில் எதுவும் தொடாது.

ரோச்சஸ்டரில் கிடைத்த எச்சரிக்கை

1215 ஜூனில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மகா சாசனத்துக்கு (மாக்னா கார்ட்டா) ஜான் ஒப்புக்கொண்டார். சில வாரங்களிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் அதைச் செல்லாது என்று அறிவிக்க, உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் கலகப் பிரபுக்கள் டோவர்-லண்டன் சாலையில் இருக்கும் ரோச்சஸ்டர் கோட்டையைக் கைப்பற்றிக்கொள்ள, ஜான் வந்து வளைத்தார். பொறிகளால் எறிந்த கல் பெரிதாக ஒன்றும் சாதிக்காததால் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் குடையச் சொன்னார். நவம்பர் 25 அன்று, மன்னருக்கு அடுத்த நிலையில் நிர்வாகத்தைப் பார்த்த தன் தலைமை நீதியதிகாரிக்கு அவர் அனுப்பிய ஆணை இன்றும் இருக்கிறது. தின்ன லாயக்கில்லாத, கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவும் பகலுமாக விரைந்து அனுப்பு, கோபுரத்தின் அடியில் தீ மூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மூலை சரிந்தது, அந்த மாதக் கடைசியில் கோட்டை பணிந்தது. பிறகு சரிந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள், இன்று போய்ப் பார்த்தாலும் மூன்று மூலை சதுரம், ஒன்று மட்டும் வட்டம்.

பன்றிக் கொழுப்பு எதற்கு என்று கேட்கலாம். சுரங்கம் தோண்டுகிறவர்கள் அஸ்திவாரத்தின் அடியில் மண்ணையும் பாறையையும் எடுக்க எடுக்க, மேலே இருக்கிற கனம் தங்கள் தலையில் விழாமல் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். போதுமான அகலம் குடைந்த பிறகு சுள்ளியும் கொழுப்பும் அடைத்துத் தீ வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். முட்டு எரிந்ததும் கோபுரத்தின் ஒரு பக்கத்துக்குத் தாங்கல் போய்விடும், நாலு கால் கட்டிலில் ஒரு காலை உருவிய மாதிரி. மீதியை அதன் சொந்தக் கனமே பார்த்துக்கொள்ளும். கனமான கோபுரம் இதில் கூடுதல் பாதுகாப்பு தருவதில்லை, பல நேரம் வேகமாக விழவே உதவுகிறது.

அந்த ஆணை போன தலைமை நீதியதிகாரி ஹூபர்ட் டி பர்க். மறு ஆண்டு டோவர் கோட்டையைக் காத்து நின்றவரும் இவர்தான். சுரங்க வேலையை அவர் ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்ல. 1204-05-இல் பிரான்சின் ஷினோன் கோட்டையை பிரெஞ்சு மன்னர் பிலிப்பின் படைக்கு எதிராக மாதக்கணக்கில் தாங்கிப் பிடித்து, கடைசியில் காயப்பட்டுச் சிறைப்பட்டவர். அதே போரில்தான் 1204 மார்ச் 6 அன்று சாத்தோ கயார் விழுந்தது. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் பெருமையோடு கட்டிய கோட்டை அது. அதன் உள்வாசலுக்குப் போக அகழியில் ஒரு பாறைத் துண்டை வெட்டாமல் பாலமாக விட்டிருந்தார்கள், பிலிப்பின் சுரங்கக்காரர்கள் அந்தப் பாலத்தின் அடியிலேயே பதுங்கி, மேலிருந்து எதுவும் தங்கள்மேல் விழாமல் வாசல் பக்கத்துச் சுவரைக் குடைந்துவிட்டார்கள். உள்ளே போக வசதியாக விட்ட பாறை, எதிரிக்குக் கூரை ஆகிவிட்டது. வாசலின் எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாசலை மட்டும் பார்த்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

முற்றுகை

கலகப் பிரபுக்கள் பிலிப்பின் மகன் லூயிக்கு இங்கிலாந்தின் கிரீடத்தைத் தருவதாக அழைப்பு விடுத்தார்கள். 1216 மே 21 அன்று அவர் கென்ட் கரையில் இறங்கினார். லண்டன் அவரை வரவேற்றது, தென்கிழக்கில் பெரும்பாலான கோட்டைகள் கைமாறின. டோவரும் விண்ட்சரும் மட்டும் தலைவணங்கவில்லை. டோவர் இல்லாமல் இங்கிலாந்தில் ஒரு அடி நிலம்கூட என் மகனுக்குச் சொந்தமில்லை என்று தந்தை பிலிப் கடிந்துகொண்டதாக அக்கால வரலாற்றெழுத்தர் ஒருவர் குறித்திருக்கிறார். சொன்னாரோ இல்லையோ, கணக்கு சரிதான். பிரான்சிலிருந்து ஆளும் பொருளும் வரவேண்டிய குறுகிய கடல்வழியின் தலைமாட்டில் எதிரியின் கோட்டை நிற்கும்போது யார் நிம்மதியாகத் தூங்க முடியும்?

ஜூலையில் லூயி டோவருக்கு வந்தார். உள்ளே ஹூபர்ட்டோடு 140 மாவீரர்களும் (நைட் பட்டம் பெற்ற குதிரை வீரர்கள்) ஏராளமான படைவீரர்களும் இருந்தார்கள். லூயி படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கீழே ஊரிலும் மறு பகுதியைக் கோட்டைக்கு வடக்கே இருந்த மேட்டிலும் நிறுத்தினார், கப்பல்களைக் கடல் பக்கம் காவல் வைத்தார். ஊரிலிருந்து கோட்டைக்கு ஏற வேண்டும் என்றால் செங்குத்தான சரிவு. வடக்கிலிருந்து வருவதற்கு அப்படி ஒரு சிரமமும் இல்லை. அந்தப் பக்கம் தரை கோட்டையை நோக்கிச் சமமாகவும், அதற்கும் பின்னால் மேடாகவும் இருந்தது. கல் எறி பொறிகளை நிறுத்தவும், கூடாரம் அடிக்கவும், வாசலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யவும் இதைவிட வசதியான இடம் அந்தக் குன்றைச் சுற்றி வேறு இல்லை. ஜானின் வாசல் சரியாக அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது.

முதல் குறி முன்காவல் வளைப்பு. பொறிகள் கல் எறிந்தன, பின்னல் தட்டிகளால் உயரமான ஒரு தாக்குக் கோபுரமும் செய்தார்கள். சுரங்கக்காரர்கள் மர வேலியின் அடியைக் குடைந்தார்கள், அப்புறம் வீரர்கள் பாய்ந்தார்கள். பெத்யூன் பிரபுவின் கொடியைத் தூக்கிவந்த ஒரு இளம் வீரன் முதலில் உள்ளே நுழைந்தான், வளைப்பைக் காத்து நின்ற தலைவர் படுகாயமடைந்து இறந்தார் என்று பிரெஞ்சுப் பக்கத்துப் பதிவு சொல்கிறது. இப்போது பிரெஞ்சுக்காரர்கள் அகழியின் விளிம்பிலேயே நின்றார்கள், எதிரே இரண்டு கோபுரங்கள்.

அடுத்தது வாசல். சுரங்கக்காரர்கள் அதன் அடிக்குள் இறங்கினார்கள், இரண்டில் ஒரு கோபுரம் விழுந்தது. பிளவின் வழியே பிரெஞ்சு வீரர்கள் கூட்டமாக நுழைந்தார்கள். ஹூபர்ட்டின் ஆட்கள் அவர்களைக் கைகலப்பில் நெருக்கி வெளியே தள்ளினார்கள், தள்ளிய கையோடு பிளவைப் பெரிய மரத்தண்டுகளாலும் உத்தரங்களாலும் குறுக்குக் கட்டைகளாலும் அடைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பவுன் செலவில் எழுந்த கல் வேலை போன இடத்தில், வெட்டிய மரம் வந்து நின்றது. அந்த மரத்தடுப்பை லூயியால் தாண்ட முடியவில்லை. அக்டோபர் 14 அன்று சண்டை நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்.

இடையில் செப்டம்பரில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் அலெக்ஸாண்டர் நாட்டின் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு முனைவரை வந்து, இந்த டோவரில் லூயியைச் சந்தித்துப் பணிவு சொல்லிவிட்டுப் போனார். ஒரு கோட்டையின் அடிவாரத்தில் முடங்கிக் கிடந்த இளவரசருக்கு வெளியுலகில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு இது அத்தாட்சி. அந்தப் பக்கம் கென்ட், சசெக்ஸ் காடுகளில் கென்ஷாம் வில்லியம் என்பவர் வில்லாளிகளைத் திரட்டி பிரெஞ்சுக்காரர்களை மறைந்திருந்து வேட்டையாடிக்கொண்டிருந்தார். கோட்டை தனியாகப் போராடவில்லை, அதையும் மறந்துவிடக் கூடாது.

ஏன் விழுந்தது, ஏன் பிடிபடவில்லை

கோபுரம் விழுந்ததற்கு நான் முதலில் சொல்வது பாறை. டோவர் குன்று முழுக்க வெண்சுண்ணாம்புப் பாறை, அங்கங்கே சிக்கிமுக்கிக் கல் பதிந்தது. சாதாரணக் கடப்பாரைக்கே விட்டுக்கொடுக்கும் அளவு மென்மை, அதே சமயம் குடைந்த வழி உடனே சரியாமல் வடிவத்தைக் காத்து நிற்கும் அளவு உறுதி. கருங்கல் என்றால் குடைய மாதங்கள் ஆகும், மணல் என்றால் குடைந்த இடமெல்லாம் முட்டுக் கொடுக்க வேண்டும், களிமண் என்றால் தண்ணீர் ஊறும். சுண்ணாம்புப் பாறையில் இந்த மூன்று தொல்லையும் இல்லை. குன்றின் உச்சி என்பதால் அகழியிலும் தண்ணீர் நிற்காது, அது வெறும் உலர்ந்த பள்ளம்தான். சுரங்கத்துக்கு எதிரான மிகச் சிறந்த காவல் நீர் நிறைந்த அகழி, அது இங்கே இயற்கையாகவே சாத்தியமில்லை.

இரண்டாவது, முன்பே சொன்ன மேடு. எதிரி ஓய்வாக நின்று வேலை செய்ய இடம் கொடுக்கிற பக்கத்தில் வாசலை வைத்தால், எத்தனை அம்புத் துளை வைத்தாலும் நாள்கணக்கு அவன் பக்கம்தான். ஜானோ அவருடைய கொத்தர்களோ விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குன்றில் பழைய இரும்புக் காலத்து மண் அரண் ஒன்றின் வளைவை ஒட்டியே கோட்டையின் உருவம் அமைந்ததாகக் கருதப்படுகிறது, வண்டி சுலபமாக வந்துபோகும் பக்கமும் வடக்குதான். அமைதிக் காலத்தில் வண்டிக்காரனுக்கு எது சௌகரியமோ அதுவே போர்க்காலத்தில் சுரங்கக்காரனுக்கும் சௌகரியம். வாசலுக்கு இடம் தேர்ந்தவர்கள் வண்டிக்காரன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக, முன்காவல் வளைப்பை மரத்திலும் மண்ணிலும் விட்டது. வாசல் கோபுரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எதிரி அகழி விளிம்புக்கு வந்து சேர்வதைத் தாமதிக்கிற வேலை அதற்கு முன்னால் நிற்கிற வளைப்புடையது. அது போனபின் கோபுரத்தின் அடிவாரத்தில் மறைவாக வேலை செய்கிறவனை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

சரி, இவ்வளவும் நடந்தும் ஏன் பிடிபடவில்லை? ஒரு கோபுரம் விழுந்தால் நம் மனதில் வருகிற படம் திறந்த வெளி. உண்மையில் அங்கே உருவாவது இடிபாட்டுக் குவியல். கால் வழுக்கும் கல்லின்மேல், ஒரு நேரத்தில் சிலர் மட்டுமே ஏறிவர முடிகிற சந்து. பக்கத்துக் கோபுரம் இன்னும் நிற்கிறது, அதன் அம்புத் துளைகள் இன்னும் வேலை செய்கின்றன. உள்ளே இருப்பவர்கள் தயாராக இருந்தால் அந்தச் சந்து அவர்களுக்குத்தான் சாதகம். ஹூபர்ட்டின் ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன். பிளவை அடைக்கிற அளவுக்குப் பெரிய மரங்கள் அந்த நேரத்தில் தானாக வந்து நிற்காது, சுரங்கம் வருகிறது என்று தெரிந்து எடுத்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருந்த கட்டடங்களைப் பிரித்தாவது எடுத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வெளிமதிலுக்குப் பின்னால் ஹென்றியின் உள்மதிலும் நடுக்கோபுரமும் முழுசாக நின்றன. வெளிவாசல் போனால் எல்லாம் போச்சு என்ற நிலை இல்லாததால்தான் அங்கே நின்று சண்டை போட மனம் வந்திருக்கும்.

லிங்கனில் ஒரு பழைய வாசல்

சண்டை நிறுத்தம் ஏற்பட்ட சில நாள்களில், அக்டோபர் 18 இரவு தாண்டுவதற்குள் ஜான் நியூவார்க்கில் இறந்தார். ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றிக்கு முடி சூட்டினார்கள். உன் மன்னர்தான் போய்விட்டாரே, கோட்டையைக் கொடுத்துவிடு என்று லூயி ஹூபர்ட்டிடம் கேட்டதாகவும், ஹூபர்ட்டின் உடன்பிறந்த தாமஸைப் பிணை வைத்து மிரட்டியதாகவும், அதற்கும் அவர் மசியவில்லை என்றும் வரலாற்றெழுத்தர்கள் பதிந்திருக்கிறார்கள்.

1217 மே மாதம் லூயி மறுபடி டோவருக்கு வந்தார். இம்முறை கையோடு எதிர்எடை வைத்த பெரிய கல் எறி பொறி ஒன்றையும் கொண்டுவந்தார். பிரான்சிலேயே அப்போது அதை அதிகம் பேர் பார்த்ததில்லை என்பதால் பெரும் பேச்சாக இருந்தது. ஆனால் அதற்காகப் படையைப் பிரிக்க வேண்டியதாயிற்று, மறு பாதி வடக்கே லிங்கன் நகரில், நிக்கோலா டி லா ஹே என்ற வயதான பெண் தளபதி காத்த கோட்டையை வளைத்திருந்தது. மே 20 அன்று, எழுபது வயதை ஒட்டியிருந்த, மன்னர் பக்கத்துப் படைத்தலைவர் வில்லியம் மார்ஷல் லிங்கனுக்கு வந்து அந்தப் படையை நொறுக்கினார்.

லிங்கனை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. மார்ஷலின் வாழ்க்கை வரலாற்றைப் பாடிய பழைய பிரெஞ்சுக் கவிதையின்படி, வின்செஸ்டர் ஆயர் பீட்டர் டெ ரோஷ் முன்னே போய் வேவு பார்த்தபோது, நகர மதிலும் கோட்டை மதிலும் சேரும் இடத்துக்கருகே கல் வைத்து அடைக்கப்பட்ட ஒரு பழைய வாசலைக் கண்டுபிடித்தார். நகரத்தைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அடைப்பைப் பிரித்தெடுத்து அதன் வழியே மார்ஷலின் படை நகருக்குள் நுழைந்தது. அடைத்த வாசலும் வாசல்தான் என்பது அன்று தெரிந்தது. இருபுறமும் இருக்கிற பழைய மதிலோடு புது அடைப்புக் கல் பிணைந்து நிற்பதில்லை, பாதையும் அப்படியே இருக்கும், ஒரு மூட்டு எப்போதும் மிச்சமிருக்கும்.

லிங்கன் செய்தி வந்ததும் லூயி டோவரை விட்டுவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 24 அன்று சாண்ட்விச் கடலில் அவருக்கு வந்துகொண்டிருந்த உதவிக் கப்பல்களையும் இங்கிலாந்துக் கப்பல்கள் சிதறடித்தன, அதிலும் ஹூபர்ட் முன்னால் நின்றார். செப்டம்பரில் ஒப்பந்தம் ஆகி லூயி ஊர் போய்ச் சேர்ந்தார்.

அடைத்துவிட்டு நகர்ந்தது

இப்போது டோவரில் பாதி இடிந்த ஒரு வாசல். கையில் காசு குறைவு, மன்னர் சிறுவன், நிர்வாகம் பெரும்பாலும் ஹூபர்ட் கையில். அப்படியும் 1217 முதல் 1256 வரை இந்தக் கோட்டையில் சுமார் 7,500 பவுன் செலவிட்டிருக்கிறார்கள், அதாவது இரண்டாம் ஹென்றியின் செலவைவிடவும் கூட. இந்தப் பணம் போன வழியைப் பார்த்தால், 1216-இல் என்ன தவறு நடந்தது என்று அவர்கள் எவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது தெரியும்.

விழுந்த கோபுரத்தைத் திரும்பக் கட்டினார்கள், ஆனால் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே பாதை இருந்த இடத்தில் ஒரு மூன்றாவது கோபுரத்தைச் செருகினார்கள். உள்ளே அறை எதுவும் இல்லாமல் முழுக்கக் கல்லால் நிரப்பியது, முன்பக்கம் கப்பலின் முனையைப் போலக் கூர்ந்தது. லிங்கனில் நடந்ததை அறிந்தவர்கள் வெறும் அடைப்புச் சுவரோடு நிறுத்தமாட்டார்கள் என்பது என் ஊகம். இன்று நார்ஃபோக் கோபுரங்கள் என்று அழைக்கப்படும் இந்த மூன்றையும் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு காலத்தில் பிரதான வாசல் இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

அதோடு விடவில்லை. அடைத்த வாசலின் எதிரே அகழியின் நடுவிலேயே செயின்ட் ஜான் கோபுரம் என்ற வட்டக் கோபுரத்தை எழுப்பினார்கள். கோட்டைக்கு உள்ளிருந்து நார்ஃபோக் கோபுரங்களின் அடி வழியாகப் பாறையில் ஒரு சுரங்கப்பாதை குடைந்து, அதை அகழிக் கோபுரத்தோடு இணைத்து, அங்கிருந்து மேலும் வெளியே, பழைய முன்காவல் வளைப்பு இருந்த திசையில் அமைத்த மண் அரண்வரை கொண்டுபோனார்கள். வடக்கு மேட்டிலிருந்து யாராவது மறுபடி அகழி விளிம்புக்கு வந்தால், கோட்டை வீரர்கள் தரைக்கு அடியில் போய் அவர்கள் எதிர்பார்க்காத இடத்தில் வெளியே வரலாம். எதிரியின் சுரங்கத்துக்கு வழிவிட்ட அதே மென்மையான பாறையை இப்போது தங்களுக்காகக் குடைந்துகொண்டார்கள். இந்தக் கோட்டையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. எதிரி கற்றுக்கொடுத்த பாடத்தைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் உயரமான நடுக்கோபுரம்கூட எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிகிறது. நெப்போலியன் போர்க்காலத்தில் பிரெஞ்சுப் படையெடுப்பு பயம் வந்தபோது இந்தச் சுரங்கங்களைத்தான் மறுபடி திருத்தி விரிவாக்கினார்கள்.

புது வாசல் மேற்குப் பக்கம் போனது. 1220-களில் கட்டி முடித்த கான்ஸ்டபிள் (கோட்டைத் தலைவர்) வாசல் அது. கீழே டௌர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதிலிருந்து கோட்டைவரை கடும் சரிவு, சரிவின் தலைப்பில் மிக ஆழமான அகழி. கல் எறி பொறியை நிறுத்தவோ கூடாரம் போடவோ வாசலின் எதிரே சமதரை கிடையாது. சுரங்கம் தோண்ட வருகிறவன் முதலில் அந்தச் சரிவில் ஏறி, மேலே இருக்கிறவர்களின் பார்வையிலேயே அகழியில் இறங்கி, அதன்பிறகுதான் கடப்பாரையைக் கையில் எடுக்க முடியும். வாசலின் வடிவமும் மாறியது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே ஒரு ஓட்டை என்ற அமைப்பை விட்டுவிட்டு, ஏற்கெனவே அங்கே நின்ற ஜான் காலத்துக் கோபுரத்தையும் சேர்த்து, பல கோபுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு பெரிய தொகுதியாக மதிலின் நீளவாக்கில் பரப்பினார்கள். ஒரு முகத்தைச் சாய்த்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். கோபுரங்களின் அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சரிந்து கனத்து நிற்கிறது, குடைகிறவனுக்கு வேலையைக் கூட்டுவதற்காகவும் மேலிருந்து விழும் கல் பட்டுத் தெறித்து வெளியே பாய்வதற்காகவும்.

இந்தத் தொகுதிக்கு உள்ளேயே கோட்டைத் தலைவரின் வசிப்பிடத்தையும் வைத்தார்கள். யார் கையில் பொறுப்போ அவர் தலைக்குமேலும் காலுக்குக் கீழும் வாசல். உள்ளே எங்கோ நடுக்கோபுரத்தில் படுத்திருக்கிறவரைவிட, இறக்குக் கதவுக்குமேல் குடியிருக்கிறவருக்கு வாசலின்மேல் அக்கறை அதிகம் இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் அது துணைத் தலைவர் பதவியில் இருந்தவர்களின் அதிகாரபூர்வ வீடாகவும் இருந்தது. கிழக்கே ஃபிட்ஸ்வில்லியம் வாசல் என்று இன்னொன்றையும் அமைத்தார்கள், வீரர்கள் வெளியேறித் தாக்க உதவும் வாசல். அதன் கோபுரங்களும் கூர்முனை கொண்டவை.

அதற்குப் பிறகு

வாசலே கோட்டையின் மிகப் பலமான கட்டடம், தலைவரின் வீடும் அதுவே என்ற ஏற்பாடு அடுத்த அரை நூற்றாண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நன்றாக வேர்விட்டது. கென்ட்டின் டன்பிரிட்ஜில் கிளேர் குடும்பத்தின் மாபெரும் வாசல் வீட்டைப் பார்க்கலாம், 1280-களில் முதலாம் எட்வர்டு வேல்ஸில் கட்டிய ஹார்லெக்கில் முழுக் கோட்டையும் வாசல் வீட்டின் பின்னால் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இவற்றுக்கெல்லாம் டோவர்தான் மூலம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பல இடங்களில் பலர் ஒரே தொல்லைக்கு ஒரே மாதிரி விடை கண்டிருக்கலாம். ஆனால் கிளேர் குடும்பத்து கில்பர்ட் 1268-இல் தொடங்கிய கேர்ஃபிலி கோட்டையைப் பாருங்கள். தாழ்ந்த தரையைத் தேர்ந்து, ஓடைகளுக்கு அணை கட்டி, கோட்டையைச் சுற்றி ஏரியாகவே தண்ணீரைத் தேக்கிவிட்டார், வாசலுக்கு எதிரே சுரங்கம் தோண்ட தரையே இல்லாமல் செய்துவிட்டார். டோவர்காரர்கள் நல்ல தரையைத் தேடி வாசலை நகர்த்தினார்கள், இவர் வாசலை வைத்துக்கொண்டு தரையை மாற்றினார்.

ஒரு கோட்டையின் வரைபடத்தைப் பார்க்கும்போது முதலில் எங்கே கண் வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், கோபுரங்களை விட்டுவிட்டு மதிலுக்கு வெளியே உள்ள உயரக்கோடுகளைப் பாருங்கள், அப்புறம் பாறை என்ன, தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள் என்பேன். 1642 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது நாடாளுமன்றப் பக்கத்து ஆட்கள் சிறு கூட்டமாக ஓர் இரவில் டோவர் கோட்டையைப் பிடித்தார்கள். வாசலை அவர்கள் முட்டவில்லை, அகழியில் இறங்கவில்லை. யாரும் ஏறமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்த கடலோரச் செங்குத்துப் பாறையின் வழியே ஏறிவந்து, உள்ளே இருந்த சொற்பக் காவலர்களை மடக்கினார்கள்.